டிரைவ் பாதையை எதை வைத்து மாற்றுவது? சிக்பாத், டபிள்யூஎஸ்எல்பாத், சொந்த செட் வரி

பேக்கப் டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. மூன்று மாதமாக ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்கிரிப்ட் தவறாமல் ஓடியிருக்கிறது. லாகில் ஒரு பிழை கிடையாது, ஒவ்வொரு நாளும் ‘முடிந்தது’ என்ற வரி இருக்கிறது. ஃபைல்கள் எங்கேதான் போயின என்று தேடியதில், விண்டோஸுக்குள் ஓடும் உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரில் ‘டி:பேக்கப்2021’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் கிடைத்தது. மூன்று மாதத்து ஃபைல்களும் அதற்குள்ளே இருந்தன. எந்த டிஸ்க் செத்துப்போனால் காப்பாற்ற வேண்டும் என்று பேக்கப் எடுத்தேனோ, அதே டிஸ்க்கில்.

நடந்தது இதுதான். பேக்கப் போக வேண்டிய இடத்தை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ‘டி:\பேக்கப்\2021’ என்று எழுதி வைத்திருந்தேன். பாஷ் என்பது கட்டளைகளைத் தட்டும் ஷெல். வரியைப் படிக்கும் அதன் ரீட் கட்டளைக்கு ஆர் ஸ்விட்ச் (கட்டளையின் நடத்தையை மாற்றும் குறி) கொடுக்காவிட்டால் அது பேக்ஸ்லாஷைத் தின்றுவிடும். இரண்டையும் தின்றது. அடுத்த வரியில், எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் கட்டளையில் நானே எழுதிய மாற்றம் இருந்தது: ‘டி:\’ என்று தொடங்கினால் அதை ‘/எம்என்டி/டி/’ ஆக்கு. கோலனுக்குப் பின்னால் இப்போது பேக்ஸ்லாஷ் இல்லையே, அதனால் செட்டுக்குப் பொருந்தவில்லை. வந்ததை வந்தபடியே திருப்பிக் கொடுத்தது. லினக்ஸில் ஃபைல் பெயருக்குள் கோலன் வரலாம், தடையில்லை. எம்கேடிர் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் செய்தது, காப்பி நடந்தது, ஸ்கிரிப்ட் சந்தோஷமாக முடிந்தது.

அதற்குப் பிறகு, ஷெல்லில் டிரைவ் பாதையை மாற்ற என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். விண்டோஸ் மெஷினில் யூனிக்ஸ் ஷெல் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த முடிவு எப்போதாவது வந்தே தீரும். என் ஒப்பீடு இது.

முதலில் ஒரு விஷயம். 1981இல் வந்த எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் ஃபோல்டர் என்ற பேச்சே இல்லை. ஏ:, பி: என்று டிரைவ் எழுத்து மட்டும்தான், அந்தப் பழக்கம் அதற்கு முந்தைய இயங்குதளமான சிபி/எம்மிலிருந்து வந்தது. கட்டளைகளுக்கு ஸ்விட்ச் கொடுக்க ஸ்லாஷை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1983இல் 2.0 பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தபோது, யூனிக்ஸைப் போல ஸ்லாஷை வைக்க இடமில்லாமல் பேக்ஸ்லாஷ் வந்தது. யூனிக்ஸ் ஷெல்லிலோ பேக்ஸ்லாஷுக்கு வேறு வேலை: அடுத்து வரும் எழுத்தின் விசேஷப் பொருளை நீக்குவது. மேற்கோள் குறி இல்லாமல் விண்டோஸ் பாதையை ஷெல்லில் தட்டினால் பேக்ஸ்லாஷ்கள் காணாமல் போவதும் அதனால்தான்.

ஸ்லாஷைத் திருப்பிப் போடுவது சின்ன வேலை. கஷ்டம் டிரைவ் எழுத்தில் இருக்கிறது. ‘டி:\கணக்கு’ என்ற அதே ஃபோல்டர், விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் சிக்வினில் ‘/சிக்டிரைவ்/டி/கணக்கு’. அதே வகையைச் சேர்ந்த எம்சிஸ்2இலும் கிட் பாஷிலும் ‘/டி/கணக்கு’. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் விண்டோஸ் சப்சிஸ்டம் ஃபார் லினக்ஸில், அதாவது டபிள்யூஎஸ்எல்லில், ‘/எம்என்டி/டி/கணக்கு’. இவை மூன்றும்கூட மாறாத விதிகள் இல்லை. சிக்வினில் அந்த முன்னொட்டை எஃப்எஸ்டேப் ஃபைலில் மாற்றலாம். டபிள்யூஎஸ்எல்லில் டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் ஃபைலின் ஆட்டோமவுன்ட் பகுதியில் ரூட் என்ற வரியை மாற்றினால் ‘/எம்என்டி’ போய் வெறும் ‘/டி’ வந்துவிடும். பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பாதையின் சரியான யூனிக்ஸ் வடிவம் பாதையைப் பார்த்தால் தெரியாது. அந்த மெஷினைக் கேட்டால்தான் தெரியும். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என் அளவுகோலும் இதுதான்: அது மெஷினைக் கேட்கிறதா, ஊகிக்கிறதா?

சிக்பாத்

சிக்வினோடு வரும் கட்டளை இது. எம்சிஸ்2இலும் கிட் ஃபார் விண்டோஸிலும் கூடவே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம். யூ ஸ்விட்ச் கொடுத்தால் யூனிக்ஸ் வடிவம், டபிள்யூ கொடுத்தால் விண்டோஸ் வடிவம், எம் கொடுத்தால் ‘டி:/கணக்கு/2021’ என்று டிரைவ் எழுத்தும் முன்ஸ்லாஷும் சேர்ந்த கலப்பு வடிவம். ஏ கொடுத்தால் முழுப் பாதை. செமிகோலனால் பிரித்த விண்டோஸ் பட்டியலைக் கோலனால் பிரித்த பட்டியலாக மாற்ற பி ஸ்விட்ச். இந்த ஐந்தும் தெரிந்தால் அன்றாட வேலை முடிந்துவிடும்.

அதிகம் பேர் கவனிக்காதது பெரிய டி ஸ்விட்ச். அது டெஸ்க்டாப் ஃபோல்டர் உண்மையில் எங்கே இருக்கிறது என்று விண்டோஸிடமே கேட்டுச் சொல்லும். இப்போது நிறைய மெஷின்களில் டெஸ்க்டாப் ஒன்டிரைவுக்குள் போய்விட்டது. யூசர் பெயருக்குப் பின்னால் டெஸ்க்டாப் என்று நாமே ஒட்டிக்கொண்டால் பழைய, காலியான ஃபோல்டரில் போய் நிற்போம். மை டாக்குமென்ட்ஸுக்குப் பெரிய ஓ இருக்கிறது.

சிக்பாத் மெஷினின் மவுன்ட் அட்டவணையை, அதாவது எந்த டிரைவ் எந்த ஃபோல்டராகத் தெரியும் என்ற பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்கிறது. முன்னொட்டு மாறியிருந்தால் பதிலும் மாறும். பாதையில் அப்படி ஒரு ஃபைல் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. இனிமேல் உருவாக்கப்போகும் ஃபைலின் பாதையையும் தாராளமாக மாற்றலாம். ஏற்கெனவே யூனிக்ஸ் வடிவில் இருக்கும் பாதையை யூ ஸ்விட்ச்சோடு கொடுத்தால் அப்படியே திரும்பத் தருகிறது. ஸ்கிரிப்ட்டில் எந்தப் பக்கத்திலிருந்து எந்த வடிவில் பாதை வரும் என்று தெரியாத இடங்களில் இது பெரிய நிம்மதி.

குறை வேகம். விண்டோஸின் மேல் ஒரு புதிய யூனிக்ஸ் பிராசஸைக் கிளப்புவது செலவான காரியம், ஏனென்றால் ஓடும் பிராசஸைப் பிரதியெடுக்கும் யூனிக்ஸின் ஃபோர்க்குக்கு நேரான வசதி விண்டோஸில் இல்லை. சிக்வின் அதைப் பாடுபட்டுப் பாவனை செய்கிறது. பத்தாயிரம் ஃபைல் பெயர்களை லூப்பில் ஒவ்வொன்றாக சிக்பாத்துக்கு அனுப்பினால் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் இதற்கு மருந்து அதற்குள்ளேயே இருக்கிறது. எஃப் ஸ்விட்ச் போட்டு ஒரு ஹைஃபன் கொடுத்தால் பைப்பில் வரும் பட்டியலை வரிவரியாகப் படித்து ஒரே பிராசஸில் மாற்றித் தரும். சிக்பாத் மெதுவானது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஸ்விட்ச்சைப் பார்க்காதவர்கள்.

டபிள்யூஎஸ்எல்பாத்

டபிள்யூஎஸ்எல் 2016இல் விண்டோஸ் 10 ஆனிவர்சரி அப்டேட்டோடு வந்தது. முதலில் பாதை மாற்ற வசதியே இல்லை, ஆளாளுக்கு செட் வரி எழுதிக்கொண்டார்கள். இணையத்தில் இன்றும் சுற்றும் செட் வரிகள் பல அந்தக் காலத்து மிச்சம். 2018இன் 1803 பதிப்பில் டபிள்யூஎஸ்எல்பாத் வந்துவிட்டது.

ஸ்விட்ச்களின் பெயர் சிக்பாத்தைப் போலவேதான்: யூ, டபிள்யூ, எம், ஏ. ஒன்றைப் பழகியவருக்கு மற்றது கைவரும். ஒரு பாதையை மட்டுமே வாங்கிக்கொள்ளும். பைப்பில் பட்டியல் கொடுக்க வழியில்லை. லினக்ஸ் பக்கத்து ஃபைலின் பாதையை டபிள்யூ ஸ்விட்ச்சோடு கேட்டால் ‘\\டபிள்யூஎஸ்எல்.லோக்கல்ஹோஸ்ட்\உபுண்டு\ஹோம்\...’ என்று நெட்வொர்க் பாதை தரும். பழைய பதிப்புகளில் ‘\\டபிள்யூஎஸ்எல்$\’. எக்ஸ்புளோரர் அதைத் திறக்கும். பழைய சிஎம்டி, நெட்வொர்க் பாதையை நடப்பு ஃபோல்டராக ஏற்காது என்று சொல்லிவிட்டு விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய் நின்றுகொள்ளும்.

இதில் நான் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன். ஒன்று, இன்னும் உருவாக்காத ஃபைலின் விண்டோஸ் பாதையைக் கேட்டது. டபிள்யூஎஸ்எல்பாத் ஃபைலைத் தேடிப் பார்த்து, இல்லை என்று மறுத்தது. அதிலிருந்து, ஃபைல் இருக்கும் ஃபோல்டரை மட்டும் மாற்றிவிட்டு ஃபைல் பெயரைப் பின்னால் ஒட்டுகிறேன். எந்தப் பதிப்பிலும் இது வேலை செய்கிறது. இன்னொன்று, சிஎம்டியிடம் யூசர் புரொஃபைல் பாதையைக் கேட்டு வாங்கி நேரே டபிள்யூஎஸ்எல்பாத்துக்குக் கொடுத்தது. திரையில் பார்த்தால் பாதை அச்சு அசலாகச் சரி. ஆனாலும் பிழை. விண்டோஸ் வரியை முடிக்கும்போது லைன்ஃபீடுக்கு முன்னால் ஒரு கேரியேஜ் ரிட்டர்னையும் வைக்கிறது. ஷெல் லைன்ஃபீடை மட்டும் வெட்டும். கேரியேஜ் ரிட்டர்ன் பாதையின் வாலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து. நடுவில் டிஆர் கட்டளையை வைத்து அதை நீக்கிவிட்டால் சரியாகிவிடும். ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் பிரின்ட்எஃப்பின் க்யூ வடிவில் அச்சிட்டுப் பார்க்கத் தோன்றியது. பாதை சம்பந்தமாக ஏதாவது புரியாமல் போனால் இப்போது முதலில் செய்வது அதைத்தான்.

சூழல் மாறிகள் வழியாகப் பாதையை அனுப்புவதானால் டபிள்யூஎஸ்எல்பாத்தே வேண்டாம். டபிள்யூஎஸ்எல்என்வி என்ற மாறியில், அனுப்ப வேண்டிய மாறியின் பெயரை எழுதி அதன் பின்னால் ‘/பி’ என்று குறித்துவிட்டால், எல்லையைக் கடக்கும்போது அது தானாக மாறும். பட்டியலுக்கு ‘/எல்’. அழகான ஏற்பாடு, பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

கிட் பாஷின் தானியங்கி மாற்றம்

கிட் பாஷ் எம்சிஸ்2இன் மேல் கட்டப்பட்டது. எம்சிஸ்2 ஷெல்லிலிருந்து ஒரு விண்டோஸ் புரோகிராமை அழைத்தால், ஸ்லாஷில் தொடங்கும் ஆர்க்யுமென்ட்களைப் பார்த்து அவை பாதைதான் என்று ஊகித்து, தானாகவே விண்டோஸ் வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது நமக்கு உதவிதான். நோட்பேடை ‘/டி/கணக்கு/ஜனவரி.டெக்ஸ்ட்’ என்று கூப்பிட்டால் திறந்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இந்த வசதி சிக்வினிலும் இல்லை, டபிள்யூஎஸ்எல்லிலும் இல்லை.

மீதிப் பத்து தடவை ஆளைப் படுத்திவிடும். ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு படத்தை, கணினியிலிருந்து போனோடு பேசும் கருவியான ஏடிபியின் புஷ் மூலம் ‘/எஸ்டிகார்டு/’க்கு அனுப்பிப் பாருங்கள். ‘சி:/புரோகிராம் ஃபைல்ஸ்/கிட்/எஸ்டிகார்டு/’ என்ற இடத்தில் எழுத முடியவில்லை என்று பிழை வரும். போனில் ஏது புரோகிராம் ஃபைல்ஸ்? அந்தப் பாதை போனுக்குச் சொந்தமானது என்று எம்சிஸ்2க்குத் தெரியாது. அது தன் ரூட் ஃபோல்டரை முன்னால் ஒட்டிவிட்டது. ஓபன்எஸ்எஸ்எல்லில் சான்றிதழின் சப்ஜெக்ட் வரி ‘/சி=ஐஎன்/...’ என்று ஸ்லாஷில்தான் தொடங்கும். அதுவும் பாதை என்று எடுத்துக்கொள்ளப்பட்டுச் சிதையும்.

எல்லாவற்றிலும் மோசமானது டாக்கர், அதாவது புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனி அறைகளில் ஓட்டும் கருவி. நம் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் காட்ட வால்யூம் கொடுக்கும்போது ‘/டி/வேலை:/ஆப்’ என்று எழுதுகிறோம். இடப்பக்கம் நம் மெஷின், வலப்பக்கம் கன்டெய்னர். எம்சிஸ்2 நடுவில் கோலனைப் பார்த்ததும் இது பாதைகளின் பட்டியல் என்று முடிவு செய்து, கோலனைச் செமிகோலனாக்கி, இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடும். டாக்கருக்குப் போய்ச் சேர்வது ‘டி:\வேலை;சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\கிட்\ஆப்’. உங்கள் மெஷினில் என்றைக்காவது ‘;சி’ என்று முடியும் பெயரோடு ஒரு காலி ஃபோல்டர் முளைத்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

மருந்து இருக்கிறது. கிட் ஃபார் விண்டோஸில் எம்சிஸ்_நோ_பாத்கான்வ் என்ற மாறிக்கு 1 கொடுத்தால் மாற்றம் நிற்கும். எம்சிஸ்2இல் எம்சிஸ்2_ஆர்க்_கான்வ்_எக்ஸ்சிஎல் என்ற மாறியில் நட்சத்திரக் குறி வைத்தால் எல்லாவற்றுக்கும் நிற்கும். குறிப்பிட்ட முன்னொட்டுகளைக் கொடுத்தால் அவற்றுக்கு மட்டும். சிஎம்டியின் ‘/சி’ போன்ற ஸ்விட்ச்சுக்கு ஸ்லாஷை இரண்டாக ‘//சி’ என்று எழுதினால், ஒரு ஸ்லாஷோடு போய்ச் சேரும். ஒரு எச்சரிக்கை: அந்த மாறியை ஷெல்லின் தொடக்க ஃபைலில் நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள். அதுவரை சத்தமில்லாமல் சரியாக ஓடிக்கொண்டிருந்த வேறு பத்து கட்டளைகள் உடையும். பிரச்சினை செய்யும் அந்த ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் எழுதுங்கள். வால்யூமின் இடப்பக்கத்துக்கு சிக்பாத்தை எம் ஸ்விட்ச்சோடு நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது இந்தத் தானியங்கி மாற்றத்தை நம்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். கையால் தட்டும் கட்டளைகளுக்கு அது நல்ல துணை.

நாமே எழுதும் வரி

செட்டில் ஒரு வரி, அல்லது பாஷின் பதிலீட்டு வசதியில் மூன்று வரி. பேக்ஸ்லாஷை எல்லாம் ஸ்லாஷ் ஆக்கு, முதல் எழுத்தைச் சின்ன எழுத்தாக்கு, கோலனை நீக்கி முன்னொட்டைச் சேர். பாஷ் வழியில் புதிய பிராசஸ் ஒன்றுகூட வேண்டாம், அதனால் மின்னல் வேகம். கண்டெய்னருக்குள்ளோ வேறொரு சர்வரிலோ, சிக்பாத்தும் டபிள்யூஎஸ்எல்பாத்தும் இல்லாத இடத்திலும் ஓடும்.

இதை அடியோடு ஒதுக்க நான் சொல்லவில்லை. இது மட்டுமே பொருந்தும் ஓர் இடம் இருக்கிறது: வேறொரு மெஷினில் உண்டான பாதைகள். விண்டோஸ் சர்வரின் லாக் ஃபைலை லினக்ஸில் வைத்து அலசுகிறீர்கள், அதில் ‘ஈ:\தரவு\...’ என்று இருக்கிறது. உங்கள் மெஷினில் ஈ: டிரைவே கிடையாது. எந்தக் கருவியும் மவுன்ட் அட்டவணையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த மெஷினின் ஈ: இங்கே எந்த ஃபோல்டருக்குச் சமம் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும், அதனால் வரியும் உங்களுடையதாகத்தான் இருக்க முடியும்.

மற்ற இடங்களில் அது தவறும் விதங்களைச் சொல்கிறேன். ‘டி:கணக்கு’ என்று கோலனுக்குப் பின் ஸ்லாஷ் இல்லாமல் எழுதினால் விண்டோஸில் அதற்கு வேறு பொருள்: டி: டிரைவின் நடப்பு ஃபோல்டருக்குள் இருக்கும் கணக்கு. பெரும்பாலான செட் வரிகள் அதை ‘/டி/கணக்கு’ ஆக்கிவிடும், அல்லது என்னுடையதைப் போலக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ‘\கணக்கு’ என்றால் நடப்பு டிரைவின் ரூட். எந்த டிரைவ் என்று எழுத்தில் இல்லை. ‘\\சர்வர்\பகிர்வு’ என்ற நெட்வொர்க் பாதையில் ஸ்லாஷைத் திருப்பினால் ‘//சர்வர்/பகிர்வு’ வரும். சிக்வினிலும் எம்சிஸ்2இலும் அது வேலை செய்யும். லினக்ஸுக்கு இரண்டு ஸ்லாஷும் ஒன்றுதான், அது ‘/சர்வர்’ என்ற ஃபோல்டரைத் தேடும். டபிள்யூஎஸ்எல்லில் நெட்வொர்க் பகிர்வை டிர்வ்எஃப்எஸ் வகையில் கையால் மவுன்ட் செய்த பிறகுதான் அதற்குப் பாதை என்று ஒன்றே உண்டாகும்.

செட் வரிக்கு விடை தெரியாதபோது கேள்வியையே விடையாகத் தருகிறது. என் மூன்று மாத பேக்கப் அங்கேதான் போனது. சொந்தமாக எழுதத்தான் வேண்டும் என்றால், கேஸ் கட்டளையில் தெரிந்த வடிவங்களை வரிசையாக எழுதி, எதிலும் பொருந்தாதவற்றுக்குக் கடைசிக் கிளையில் பிழைச் செய்தியோடு வெளியேறும்படி எழுதுங்கள்.

மாற்றாமலே விடுவது

எல்லையைக் கடப்பதற்கு முன் அந்த ஃபோல்டருக்குள் போய்விட்டு, வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால் பல இடங்களில் மாற்றமே தேவைப்படாது. டபிள்யூஎஸ்எல்லில் ‘/எம்என்டி/டி/கணக்கு’க்குள் நின்றுகொண்டு நோட்பேடுக்கு ‘ஜனவரி.டெக்ஸ்ட்’ என்று மட்டும் கொடுங்கள், திறந்துவிடும். நடப்பு ஃபோல்டரை டபிள்யூஎஸ்எல்லே மாற்றி அனுப்புகிறது. முழுப் பாதையைக் கொடுத்திருந்தால் நோட்பேடுக்குப் புரிந்திருக்காது. சாத்தியமான இடத்தில் எல்லாம் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

அடுத்தது ‘டி:/கணக்கு/2021’ என்ற கலப்பு வடிவம். விண்டோஸின் ஃபைல் செயல்பாடுகள் முன்ஸ்லாஷை ஏற்றுக்கொள்கின்றன. பைத்தான், கிட், ஜாவா, நோட், பவர்ஷெல் எல்லாவற்றுக்கும் இது பிடிக்கும். பேக்ஸ்லாஷ் இல்லாததால் ஷெல்லில் மேற்கோள் தொல்லையும் குறைவு. செட்டிங்ஸ் ஃபைல்களில் பாதை எழுதுவதாக இருந்தால் இந்த வடிவத்திலேயே எழுதிவையுங்கள். ரீட் கட்டளை தின்ன அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் கோலன் இருக்கிறதே. ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் குனூ டார், கோலனுக்கு முன்னால் இருப்பதை இன்னொரு மெஷினின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ‘டி:/பேக்கப்.டார்’ என்று கொடுத்தால் ‘டி’ என்ற மெஷினோடு தொடர்பு கொள்ள முடியவில்லை என்று சொல்லும்; ஃபோர்ஸ்-லோக்கல் என்ற ஸ்விட்ச் கொடுத்தால்தான் அடங்கும். மெஷின்களுக்கு இடையே ஃபைல் அனுப்பும் ஆர்சிங்க், எஸ்சிபி இரண்டுக்கும் இதே வழக்கம். மேக்ஃபைலில் கோலன் இலக்கையும் அது சார்ந்தவற்றையும் பிரிக்கும் குறி. பாத் மாறியில் கோலன் பிரிப்பான். இந்த நாலு இடத்திலும் கலப்பு வடிவம் வேண்டாம், சிக்பாத்தின் யூ வடிவம் போதும். மறுபக்கத்தில், சிஎம்டியின் உள்கட்டளைகளான டிர், டைப், காப்பி எல்லாம் முன்ஸ்லாஷைக் கண்டதும் ஸ்விட்ச் என்று நினைத்துக்கொள்ளும். அங்கே டபிள்யூ வடிவம். ‘\\?\’ என்று தொடங்கும் நீளப் பாதைகளிலும் பேக்ஸ்லாஷ் கட்டாயம். அந்த முன்னொட்டு வந்தால் விண்டோஸ் ஸ்லாஷைத் திருப்பித் தராது.

பாதைகளைக் கையாளும் பைத்தானின் பாத்லிப்பும் நல்ல கருவிதான். பியூர்விண்டோஸ்பாத் வகுப்பு லினக்ஸிலும் விண்டோஸ் பாதையைச் சரியாகப் பிரித்துத் தரும். டிரைவ் வேறு, மீதி வேறு என்று பிரித்துக் கேட்கலாம். அதன் ஆஸ்_போசிக்ஸ் செயல்பாட்டின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஸ்லாஷை மட்டும்தான் திருப்பும், ‘டி:’ அப்படியே நிற்கும். வேறு மெஷினின் லாகை அலச, என் கேஸ் வரிகளை விட இது உறுதியானது. லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் பயன்படுத்துகிறவர்களுக்கு வைன்பாத் இருக்கிறது. அதே யூ, டபிள்யூ ஸ்விட்ச்கள். அங்கே இசட்: டிரைவ் வழக்கமாக லினக்ஸின் ரூட்டைக் குறிக்கும்.

தமிழ்ப் பெயர்கள்

ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விளக்கங்களில் இதைப் பார்க்க முடியாது.

விண்டோஸில் தமிழுக்கு யூனிகோட் மட்டும்தான். ரஷ்யனுக்கும் கிரேக்கத்துக்கும் இருப்பதுபோல பழைய கோட் பேஜ் கிடையாது. பழைய முறையில் எழுதப்பட்ட ஒரு புரோகிராமின் வழியாகத் தமிழ்ப் பாதை போனால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாக மாறி வெளியே வரும். ஷெல்லில் கேள்விக்குறி என்பது ‘ஏதாவது ஒரு எழுத்து’ என்று பொருள்படும் வைல்டுகார்டு. ‘கணக்கு’ என்று அனுப்பியது வேறு ஏதோ ஒரு ஃபோல்டரோடு பொருந்திவிடக்கூட வாய்ப்பிருக்கிறது. சிக்பாத்தும் டபிள்யூஎஸ்எல்பாத்தும் யூடிஎஃப்-8இல் வேலை செய்வதால் பாதுகாப்பு. விண்டோஸ் பைத்தானின் வெளியீட்டைப் பைப்பில் வாங்கினால், பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயரை அச்சிடும்போது என்கோடிங் பிழையோடு நிற்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, நீளம். என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 யூடிஎஃப்-16 அலகுகள் வரை இடம். லினக்ஸின் இஎக்ஸ்டி4இல் 255 பைட்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட் எடுக்கும். ‘ஆண்டறிக்கை’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குத் துணைக்குறி தனி என்று எண்ணினால் பத்து குறிகள், முப்பது பைட். 85 குறிகளைத் தாண்டிய தமிழ்ப் பெயர் விண்டோஸில் நிம்மதியாக இருக்கும். அதே ஃபைலை டபிள்யூஎஸ்எல்லின் ஹோமுக்குக் காப்பி செய்தால் பெயர் மிக நீளம் என்று பிழை வரும். பாதை மாற்றத்தில் ஒரு தவறும் இருக்காது, ஆனால் போய்ச் சேரும் இடத்தில் பெயருக்கு இடமில்லை. மின்னஞ்சல் தலைப்பையே ஃபைல் பெயராகச் சேமிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் சீக்கிரம் மாட்டுவார்கள்.

சரி, என் பேக்கப் ஸ்கிரிப்ட் இப்போது எப்படி இருக்கிறது? டெக்ஸ்ட் ஃபைலில் ‘டி:/பேக்கப்/2021’ என்று கலப்பு வடிவம். ரீட் கட்டளைக்கு ஆர் ஸ்விட்ச். வாலில் இருக்கும் கேரியேஜ் ரிட்டர்னை வெட்டுகிறேன். மாற்றுவது டபிள்யூஎஸ்எல்பாத். அப்புறம் மவுன்ட்பாயின்ட் கட்டளையால் ‘/எம்என்டி/டி’ உண்மையிலேயே மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று ஒரு கேள்வி. ஆகியிருக்காவிட்டால் அதுவும் லினக்ஸ் டிஸ்க்கில் கிடக்கும் சாதாரணக் காலி ஃபோல்டர்தான், பழைய கதை திரும்பிவிடும்.

எந்த வழியைப் புதிதாக எடுத்தாலும் அதற்கு முன் ஒரு சின்னப் பட்டியலைக் கொடுத்துப் பார்க்கிறேன். இடைவெளி உள்ள பெயர். ‘டி:\’ என்று வெறும் ரூட். ‘\\சர்வர்\பகிர்வு’. ஏற்கெனவே மாற்றிய பாதை இரண்டாம் முறை. வாலில் கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிய பாதை. ‘ஆண்டறிக்கை’ என்ற ஃபோல்டர். பட்டியலின் கடைசி வரி ‘டி:பேக்கப்2021’. அந்த வரி வந்ததும் ஸ்கிரிப்ட் 1 என்ற எண்ணோடு வெளியேறி, லாகில் ‘இந்தப் பாதை புரியவில்லை’ என்று எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் அதை ராத்திரி வேலைக்கு விடுகிறேன்.